பிரமோஷன் கைநழுவினால் முதலில் காலண்டரை எடுங்கள்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் சமையல்கட்டில் உட்கார்ந்து பூசணிக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் வளர்ந்த பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டர்பன் துறைமுகப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் அவளுக்கு வேலை. கையில் போன், போனில் ஒரு கடிதத்தின் படம்.

"ஆண்டி, இண்டர்வியூவில் எனக்குத்தான் அதிக மார்க். பேனல் என் பெயரைத்தான் முதலில் எழுதியது. ஆனால் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால் ஈ.ஈ., வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், என்கிறார்கள். இது தலைகீழ்ப் பாகுபாடு இல்லையா?"

நான் கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டேன்: "லெட்டரில் என்ன தேதி போட்டிருக்கு?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மனக்குறையைச் சொல்ல, நான் தேதி கேட்கிறேன். ஆனால் எண்ணிப் பார்த்தபோது அன்றைக்கு 71வது நாள். தீபாவளி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் கேஸ் கதவுக்கு வெளியிலேயே நின்றிருக்கும்.

நான் வக்கீல் இல்லை. விருதுநகரில் பிறந்து, 1997ல் கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். மொபெனி பக்கம் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தேன். கடைசி ஏழு வருடம் அங்கேயே ஷாப் ஸ்டூவர்டாகவும், அதாவது தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருந்தேன். இப்போது ஓய்வு. கோயிலில், கல்யாண வீட்டில், சில நேரம் சாவு வீட்டில்கூட இதே கேள்வியோடு யாராவது வருகிறார்கள். ஜோஹானஸ்பர்க்கில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டை மனதில் வைத்துக்கொண்டு இதற்குள் நுழையாதீர்கள். அங்கே 69 சதவீதம், ரோஸ்டர், இத்தனையாவது இடம் இன்னாருக்கு என்று எழுதி வைத்திருக்கிறது. இங்கே 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், அதாவது எல்லாரும் ஈ.ஈ. என்று சொல்வது, 15வது பிரிவில் கோட்டாவை வெளிப்படையாகவே விலக்குகிறது. எண் இலக்கு வைக்கலாம், முன்னுரிமை தரலாம். ஆனால் ஒரு பிரிவினர் வரவே முடியாதபடி முழுத் தடை போடும்படி சட்டம் யாரையும் கேட்கவில்லை. இலக்குக்கும் கோட்டாவுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் இந்த நாட்டு வழக்குகள் எல்லாம் நடந்திருக்கின்றன.

நாள் கணக்கு

இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. பதவி உயர்வு விஷயத்தில் கம்பெனி முறைகேடாக நடந்துகொண்டது என்று சொன்னால், அது தொழிலாளர் உறவுச் சட்டத்தின் கீழ் வருகிற நியாயமற்ற நடைமுறை. அதற்கு 90 நாள். இனம், பால், மதம் போன்றவற்றால் பாகுபாடு காட்டினார்கள் என்று சொன்னால் அது ஈ.ஈ. சட்டத்தின் 10வது பிரிவு. அதற்கு ஆறு மாதம். இரண்டுக்கும் முதல் படி சி.சி.எம்.ஏ., அதாவது தொழில் தகராறுகளைச் சமரசத்தாலும் நடுவர் வழியாகவும் தீர்க்கும் ஆணையம். அரசு வேலை, போலீஸ், பள்ளிக்கூடம், நகராட்சி என்றால் முதலாளியும் சங்கங்களும் சேர்ந்த, அந்தந்தத் துறையின் பார்கெய்னிங் கவுன்சில் ஒன்று இருக்கும். பதவி உயர்வுத் தகராறு அங்கேதான் போகும்.

90 நாள் என்றால் ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்த்துத்தான். முடிவு உங்களுக்குத் தெரிந்தது மார்ச் 12 என்றால், கடைசி நாள் ஜூன் 10. கடிதம் கையில் வந்த அன்றே சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். எச்.ஆரிடம் குறை மனு கொடுத்திருக்கிறேன், பதில் வரட்டும் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. குறை மனு கடிகாரத்தை நிறுத்தாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அப்படித்தான் கோட்டை விட்டேன். 2015ல் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் இடத்துக்கு விண்ணப்பித்தேன். அந்த வேலையை ஏற்கெனவே எட்டு மாதம் பொறுப்பாகப் பார்த்திருந்தேன். கிடைக்கவில்லை. குறை மனு எழுதினேன். "அடுத்த வாரம் பதில் சொல்கிறோம்" என்று நாலு மாதம் இழுத்தார்கள். நானும் மரியாதையாக இருந்துவிட்டேன். அப்புறம் போனபோது, தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு போட வேண்டும் என்றார்கள். எத்தனை நாள் தாமதம், ஏன், கேஸில் வலு இருக்கிறதா, எதிர்த் தரப்புக்கு என்ன பாதிப்பு என்று அதில் விளக்க வேண்டும். "எச்.ஆர். பதிலுக்காகக் காத்திருந்தேன்" என்று எழுதினேன். போதாது என்று தள்ளிவிட்டார்கள்.

எந்தக் கட்டத்தில் உங்கள் பெயர்?

அந்தக் கேஸில் நான் கற்ற இரண்டாவது பாடம் இன்னும் கசப்பானது. சட்டம் முன்னுரிமை தரும் பிரிவினர் மூவர்: கறுப்பின மக்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள். 'கறுப்பின மக்கள்' என்ற சொல்லுக்குள் ஆப்பிரிக்கர், கலர்ட் எனப்படும் கலப்பு வம்சாவளியினர், இந்தியர் மூவரும் அடக்கம். சரி, நான் இந்தியப் பெண், இரண்டு வகையிலும் உள்ளே வருகிறேன் என்று நிம்மதியாக இருந்தேன். எச்.ஆர். அம்மா அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். என் பெயர் 'வெளிநாட்டவர்' கட்டத்தில் இருந்தது.

காரணம் இதுதான். பிறப்பாலோ வம்சாவளியாலோ தென்னாப்பிரிக்கக் குடிமக்களாக இருப்பவர்களுக்கும், 1994 ஏப்ரல் 27க்கு முன் குடியுரிமை வாங்கியவர்களுக்கும்தான் அந்த முன்னுரிமை. அதற்குப் பிறகு வாங்கியவர் என்றால், அதற்கு முன்பே வாங்கத் தகுதி இருந்தும் அபார்தைட் என்ற பழைய இன ஒதுக்கல் கொள்கை தடுத்தது என்று காட்ட வேண்டும். நான் குடியுரிமை வாங்கியது 2006ல். வாக்களிக்கலாம், வரி கட்டலாம், அந்தக் கட்டத்துக்குள் மட்டும் நுழைய முடியாது. 1860ல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் வம்சம் என் கணவர். அதே வீட்டில், அதே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் எனக்கு வேறு கட்டம். யோசித்துப் பார்த்தால் சட்டத்தில் தப்பும் இல்லை. அபார்தைட் மிதித்தது அவர் குடும்பத்தை. நான் அப்போது விருதுநகரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

ஆகவே சண்டைக்குப் போகும் முன் வேலையில் சேர்ந்தபோது நீங்கள் நிரப்பிக் கொடுத்த ஈ.ஈ.ஏ. 1 படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இனம், பால், குடியுரிமை வாங்கிய தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். ஐ.டி. வேலைக்காகச் சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று. முன்னுரிமைப் பட்டியலில் இல்லாவிட்டாலும் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு உண்டு. 6வது பிரிவு எல்லாத் தொழிலாளிகளுக்கும் பொது.

அந்தக் காகிதத்தை வாங்குங்கள்

டீ ரூம் பக்கத்துச் சுவரில் ஒரு பழுப்பேறிய போஸ்டர் ஒட்டியிருக்கும், ஒரு மூலை கிழிந்து செல்லோடேப்போடு. ஈ.ஈ. சட்டத்தின் சுருக்கம் அது. யாரும் படிப்பதில்லை. நான் ஸ்டூவர்ட் ஆன பிறகுதான் முதல்முறை படித்தேன், அதுவும் கெட்டில் கொதிக்கும்வரை. சட்டத்தின் 25வது பிரிவு சொல்கிறது: ஈ.ஈ. திட்டம், அதாவது ஒவ்வொரு பதவி நிலையிலும் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்ற இலக்கு, வைத்திருக்கும் முதலாளி, அதன் பிரதியைத் தொழிலாளிகள் பார்க்கவும் நகல் எடுக்கவும் தர வேண்டும். இது யாரும் செய்யும் தயவு இல்லை, உங்கள் உரிமை.

மெயிலில் இரண்டே வரி எழுதுங்கள். "25வது பிரிவின்படி நடப்பு ஈ.ஈ. திட்டத்தின் நகலைத் தரவும். இந்தப் பதவி எந்த நிலையில் வருகிறது, அந்த நிலையின் இலக்கும் தற்போதைய எண்ணிக்கையும் என்ன என்று தெரிவிக்கவும்." அநியாயம், ஏமாற்று, இனவெறி போன்ற சொற்கள் வேண்டாம். பதில் வராவிட்டால் அந்த மெயிலே ஒரு சாட்சி. இதோடு விளம்பரத்தின் நகல், உங்கள் மதிப்பெண், பேனலின் சிபாரிசு, யார் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார் என்பதையும் கேளுங்கள். நியமிக்கப்பட்டவரின் சம்பளச் சீட்டு, அடையாள எண் இதெல்லாம் தர மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

ஒரு மாற்றம். 2025 ஜனவரி 1 முதல் 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குத் திட்டம் வைக்கும் கடமை இல்லை. பெரிய இடங்களுக்கு அமைச்சர் துறைவாரியாக இலக்கு வைக்கலாம். 2025 ஏப்ரலில் அவை கெஜட்டில் வந்தன, மேல் நாலு நிலைகளுக்கு. ஆகவே பழைய திட்டத்தின் நகலைக் கொடுத்து உங்களை அனுப்பிவிடப் போகிறார்கள், தேதியைப் பாருங்கள்.

கோர்ட்டுகள் என்ன சொல்லியிருக்கின்றன

திட்டம் கைக்கு வந்தாயிற்றா? இனி அதைத் தீர்ப்புகளோடு வைத்துப் படிக்க வேண்டும். எல்லாத் தீர்ப்பும் வேண்டாம். ஐந்தாறு போதும்.

முதலில், அதிக மார்க் வாங்கியவர் ஜெயிப்பாரா என்ற கேள்வி. பார்னார்ட் வழக்கைத் தெரியாமல் இந்த நாட்டில் யாரும் இதைப் பேச முடியாது. போலீஸில் இருந்த ஒரு வெள்ளையினப் பெண் அதிகாரி 2005ல் ஒரு பதவிக்கு விண்ணப்பித்தார். பேனலில் முதலிடம். அவரை நியமிக்கவில்லை, வேறு யாரையும்கூட நியமிக்கவில்லை. இடம் காலியாகவே கிடந்தது. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்தார், மறுபடி அதே கதை, இந்தத் தடவை மறுத்தது தேசிய கமிஷனர். சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. லேபர் கோர்ட்டில் ஜெயித்தார், லேபர் மேல்முறையீட்டில் தோற்றார், ப்ளூம்ஃபொன்டெய்னில் இருக்கும் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2013ல் மறுபடி ஜெயித்தார், கடைசியில் 2014 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தோற்றார். ஊஞ்சல் மாதிரி ஒன்பது வருடம். முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மொசெனெகே. முறையான ஒரு திட்டம் இருந்து, கமிஷனர் அதன்படி முடிவெடுத்திருந்தால், அதிக மார்க் ஒன்றே அந்த முடிவைக் கவிழ்க்காது. இதுதான் நமக்குச் செய்தி.

'தலைகீழ்ப் பாகுபாடு' என்ற சொல்லை நான் படிவத்தில் எழுத விடுவதில்லை. அதற்குக் காரணம் இதற்கும் முந்தையது. 2004ல் வான் ஹேர்டன் வழக்கில் இதே மொசெனெகே எழுதிய தீர்ப்பு, பழைய அநீதியைச் சரிக்கட்டும் நடவடிக்கை சமத்துவத்துக்கு விதிவிலக்கு அல்ல, சமத்துவத்தின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது. அந்த நடவடிக்கை மூன்று கேள்விகளில் தேற வேண்டும். முன்பு ஒதுக்கித் தள்ளப்பட்டவர்களைத்தான் குறிவைக்கிறதா? அவர்களைக் காக்கவும் முன்னேற்றவும் வகுக்கப்பட்டதா? சமத்துவத்துக்கு உதவுகிறதா? ஆகவே 'தலைகீழ்' என்று நீங்கள் எழுதினால் சி.சி.எம்.ஏ. கமிஷனர் ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். இந்த மூன்றில் எது தேறவில்லை என்று எழுதினால் பேனாவை எடுப்பார்.

சரி, அடுத்தது நம்மவர்கள் எப்போதும் கேட்பது. "நாங்களும் கறுப்பினம் என்றுதானே சட்டம் சொல்கிறது? எங்களை எப்படித் தள்ளலாம்?" இங்கே இந்தியக் குடும்பங்களில் ஒரு பேச்சு உண்டு: அன்றைக்கு நம் வெள்ளை போதவில்லை, இன்றைக்கு நம் கறுப்பு போதவில்லை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதை வைத்து ஒரு கேஸும் ஓடாது. 2016 ஜூலையில் சிறைத்துறை வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: ஒரு நிலையில் ஏற்கெனவே இலக்குக்கு மேல் இருக்கும் பிரிவினராக இருந்தால் ஆப்பிரிக்கரோ, கலர்டோ, இந்தியரோ, பெண்ணோ, யாரையும் மறுக்கலாம். பார்னார்டுக்குச் சொன்னது வெள்ளையருக்கு மட்டும் என்பது இல்லை.

ஆனால் அதே தீர்ப்பின் மறுபாதிதான் டர்பன்காரர்களுக்குத் தங்கம். வழக்குப் போட்டவர்கள் மேற்குக் கேப் மாகாணத்தில் வேலை பார்த்தவர்கள், பெரும்பாலும் கலர்ட். சிறைத்துறை நாடு முழுமைக்கான மக்கள்தொகை விகிதத்தை மட்டும் வைத்து இலக்குப் போட்டிருந்தது. கலர்ட் மக்களுக்கு 8.8 சதவீதம். மேற்குக் கேப்பில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கலர்ட். அப்போதைய 42வது பிரிவு தேசிய விகிதம், மாகாண விகிதம் இரண்டையும் பார்க்கச் சொன்னபோது, மாகாணத்தை மறந்தது தப்பு என்று கோர்ட் சொல்லி, வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு நிவாரணமும் கொடுத்தது. இதை நம் பக்கம் திருப்பிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க இந்தியர் 2.5 சதவீதம், நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 7.4 சதவீதம். உங்கள் கம்பெனித் திட்டத்தில் எந்த எண் இருக்கிறது? 2.5 மட்டும் இருந்து வேலை டர்பனில் என்றால் அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள்.

2.5 என்ற எண் என்ன வேலை செய்யும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு நிலையில் 20 பதவிகள் என்று வையுங்கள். 2.5 சதவீதம் என்றால் அரை ஆள். அதில் பெண்களுக்கு 30 சதவீதம் என்றால் 0.15. முழு எண்ணாக்கினால் பூஜ்யம். அதாவது அந்த நிலையில் இந்தியப் பெண் ஒருத்திகூட ஒருநாளும் வர முடியாது. இது என் கற்பனைக் கணக்கு, ஆனால் விளையாட்டு இல்லை. 2013ல் நாயுடு வழக்கில் இதே மாதிரிக் கணக்கால்தான் போலீஸில் ஓர் இந்தியப் பெண் அதிகாரிக்கு உயர் பதவி மறுக்கப்பட்டது. லேபர் கோர்ட் ஏற்கவில்லை. ஒரு பிரிவுக்குப் பூஜ்யம் என்று எழுதினால் அது முழுத் தடைதானே? அவர் பக்கம் தீர்ப்பானது. அரசியலமைப்பு நீதிமன்றத்தின் சொல் இதைவிட எடை கூடியது, அதனால் சிறைத்துறை வழக்கைத்தான் முன்னால் வைக்க வேண்டும். ஆனாலும் உங்கள் அட்டவணையில் பூஜ்யம் தெரிந்தால் உடனே வட்டம் போடுங்கள். அதற்கு வெளியே யாரையாவது எடுக்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிறைத்துறைத் திட்டம் கோட்டா இல்லை என்று கோர்ட் சொன்னதற்குக் காரணமே, அவசியமானால் இலக்கை மீற அதில் வழி இருந்ததுதான்.

திட்டமே இல்லை என்றால்? நம் மாகாணத்திலேயே நடந்தது. குவாசூலு-நட்டால் சுகாதாரத் துறையில் ஒரு பதவிக்குப் பேனல் முதலிடம் கொடுத்த வெள்ளையரை விட்டுவிட்டு வேறொருவரை நியமித்தார்கள். கார்டன் வழக்கு. 2008ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: திட்டமோ கொள்கையோ இல்லாமல், அந்தந்த நேரத்துக்குத் தோன்றியபடி செய்த நியமனத்தைச் சமத்துவ நடவடிக்கை என்று காக்க முடியாது. ஆகவே "ஈ.ஈ. காரணம்" என்று வாயால் சொல்லிவிட்டுக் காகிதம் காட்ட முடியாத முதலாளிதான் உங்களுக்கு வசதியான எதிராளி.

எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு வழக்கு உண்டு. முன்னுரிமைப் பிரிவில் இருக்கிறேன், அதனால் எனக்குத்தான் தந்திருக்க வேண்டும் என்று கேட்டு வருபவர்கள். கேப் டவுன் நகராட்சியை எதிர்த்து டட்லி என்ற டாக்டர் போட்ட வழக்கில் 2008ல் லேபர் மேல்முறையீட்டு நீதிமன்றம், முன்னுரிமை கொடு என்று தனிநபர் நேராகக் கோர்ட்டில் கேட்கும் உரிமை ஈ.ஈ. சட்டத்தில் இல்லை என்றது. திட்டத்தை அமல்படுத்தவில்லை என்ற குறைக்கு லேபர் துறை இன்ஸ்பெக்டர் வழி. பாகுபாடு நடந்தது என்று காட்ட முடிந்தால்தான் வழக்கு.

படிவம்

எல்.ஆர்.ஏ. 7.11 என்ற படிவம். சி.சி.எம்.ஏ. இணையதளத்தில் கிடைக்கும், காசு கிடையாது. முதல் பிரதியை முதலாளிக்கு அனுப்பி, அனுப்பியதற்கு ஆதாரத்தோடுதான் சி.சி.எம்.ஏ.வுக்குக் கொடுக்க வேண்டும். கையில் கொடுத்தால் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள், மெயில் என்றால் அனுப்பிய மெயிலை அச்செடுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட மறந்து திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தகராறின் தன்மை என்ற கட்டத்தில்தான் யோசிக்க வேண்டும். இனம் காரணம் என்று எழுதினால் பாகுபாடு. அப்போது நடந்தது நியாயமே என்று நிரூபிக்கும் சுமை 11வது பிரிவின்படி முதலாளி தலையில் விழும், இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் இல்லை. ஆனால் சமரசம் தோற்றால் பொதுவாக லேபர் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அங்கே வக்கீல் செலவு. ஆண்டு வருமானம் வரம்புக்குக் கீழ் என்றால் சி.சி.எம்.ஏ.விலேயே முடிக்கலாம். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 261,748.45 ராண்ட், வருடாவருடம் மாறும். பதவி உயர்வில் முறைகேடு என்று எழுதினால் சி.சி.எம்.ஏ. நடுவரே தீர்ப்பார், வேகம் அதிகம், ஆனால் இழப்பீடு அதிகபட்சம் 12 மாதச் சம்பளம். சுமையும் உங்கள் மேல். 2008ல் க்வாடுகுசா நகராட்சி வழக்கில், நம் ஸ்டேங்கர்தான், லேபர் கோர்ட் சொன்னதை மனதில் வையுங்கள்: முறைகேடு நடந்தது என்று காட்டினால் போதாது, அது நடக்காதிருந்தால் அந்த வேலை உங்களுக்கே வந்திருக்கும் என்றும் காட்ட வேண்டும். நாலாம் இடத்தில் இருந்தவர்கள் பாவம், இங்கேதான் விழுகிறார்கள்.

கோயிலுக்கு வந்த பெண்ணுக்கு நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். திட்டத்தின் நகலை என் சாப்பாட்டு மேஜையில் விரித்து, ஒரு ஸ்கேலை வரிசைக்கு அடியில் வைத்துப் படித்தோம். அவள் நிலையில் இந்தியப் பெண்கள் இலக்கு இரண்டு, இருப்பது மூன்று. அவள் முகம் வாடிவிட்டது. "இருடி" என்று ஸ்கேலை இடது பக்கம் நகர்த்தினேன். நியமிக்கப்பட்டவர் ஆப்பிரிக்க ஆண். அந்தக் கட்டத்தில் இலக்கு ஆறு, இருப்பது ஏழு. இரண்டு பேருமே நிரம்பிய கட்டத்தில் இருக்கும்போது ஈ.ஈ. எப்படிக் காரணமாகும்? படிவத்தில் அந்த நாலு எண்களையும் எழுதினோம். எண்பத்து மூன்றாம் நாள் கொடுத்தோம்.

ஜெயித்தால் என்ன கேட்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். அந்த நியமனத்தையே ரத்து செய்யச் சொன்னால் நியமிக்கப்பட்டவரையும் வழக்கில் சேர்க்க வேண்டும், அவரோடுதான் தினமும் டீ குடிக்கப் போகிறீர்கள். பெரும்பாலும் நான் சொல்வது பாதுகாக்கப்பட்ட பதவி உயர்வு: அவர் அங்கேயே இருக்கட்டும், உங்களுக்கு அந்த நிலையின் சம்பளமும் சலுகையும் பழைய தேதியிலிருந்து. அவள் கேட்டதும் அதுதான். சமரச நாளில் அவர்கள் தரப்பு கால்குலேட்டரோடு வெளியே போய்வந்து, சம்பள உயர்வைக் கொடுத்தார்கள், பழைய பாக்கியில் பாதி. அவள் என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள் என்று தலையசைத்தேன்.

சமரச நாளுக்குக் காலை ஒன்பது மணி போட்டிருந்தால் எட்டரைக்குப் போய்விடுங்கள். நேரில் வராமல் இருந்துவிடாதீர்கள். அங்கே பேசுவது எதையும் பின்னால் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது, அதனால் கூசாமல் பேசுங்கள். வக்கீல் உள்ளே வர முடியாது, சங்கத்து ஆள் வரலாம். எல்லாக் காகிதமும் மூன்று செட், பக்க எண் போட்டு. ஏசி ரொம்பக் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள்.